கலப்பு ஊடகம்

சாட்ஸ்வொர்த்தில் வண்ணம் கலப்பது என் வேலை.
ஹார்டுவேர் கடையின் பின் கவுண்டரில்
இயந்திரம் சொட்டும் சாயத்தை எண்ணுகிறேன்:
கறுப்பு இரண்டு, காவி அரை, மஞ்சள் பதினொன்று.
மூடியை அடித்து இறுக்கி, குலுக்கிக் கொடுப்பேன்.
மூன்றாம் நாள் திரும்பி வரும்.
"இது நான் கேட்ட கிரீம் இல்லை."
"இது படுக்கையறைக்கா, பள்ளிக்கூடத்துக்கா?"
"என் மாமியார் கண்ணுக்கு இது பச்சை."

தப்பிப் பிறந்த டின்களைப்
பாதி விலைக்குத் தள்ளிவிடச் சொல்வார் மேலாளர்.
அப்போதும் யாரும் தொடாதவை
வெள்ளிக்கிழமை என்னோடு டாக்சி ஏறும்,
மடியில் ஒன்று, கால்களுக்கிடையில் இரண்டு.

கராஜ் எனக்கு. கார் தெருவில்.
குளியலறையிலிருந்து கழற்றிய பழைய கதவுதான் பலகை.
ஊற்றுமுன் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்ப்பேன்.
எப்போதும் அதே மூலைக்குத்தான் ஓடும்.
எங்கள் குன்றின் வீடுகள் எல்லாம்
உம்லத்துசானா ஆற்றின் பக்கம்
காது கொடுத்துச் சாய்ந்திருப்பவை.
தண்ணீர் பில்லை நான்காக மடித்து முட்டுக் கொடுத்தால்
சரியாகும், ஒரு மணி நேரத்துக்கு.

செய்து பார்த்தவை:
பசை கூடினால் பால் ஆடைபோல் சுருங்குகிறது.
தண்ணீர் கூடினால் எல்லாம் சேறு.
தையல் எண்ணெய் மூன்று சொட்டு விட்டால்
வண்ணம் கண் திறக்கிறது, வட்டம் வட்டமாக,
ரசம் நுரைகூட்டும் கணத்தைப்போல.
ஐசிப்பிங்கோ மணல் ஒட்டவில்லை.
கரும்புச் சாம்பல் ஒட்டியது,
காய்ந்த பின்னும் விரலோடு வந்தது.
டீத்தூள் வேண்டாம். எறும்பு.

அன்று கதவின் மேல் ஒட்டியது
ஓட்டுநர் தேர்வில் நான் தோற்ற மூன்று தாள்கள்.
மூன்றிலும் ஒரே குறிப்பு:
வண்டி பின்னால் உருண்டது.
அவற்றின் மேல் மாமியார் பச்சை,
பள்ளிக்கூட மஞ்சள்,
பெயரில்லாத ஒரு வெள்ளை.
ஹேர் டிரையரால் ஊதத் தொடங்கினேன்.
எட்டு மணி. மின்வெட்டு.

காற்று நின்றது.
கையில் சூடான வெறும் மூக்கு.
மெழுகுவர்த்தி தேடி முழங்காலால் முட்டியதில்
பில் நழுவியிருக்க வேண்டும்.
இருட்டில் கேட்டேன்,
விளிம்பைத் தாண்டி முதல் சொட்டு.
பிறகு இரண்டாவது.
பிறகு எண்ணிக்கைக்குள் வராத
தடித்த, அவசரமில்லாத சத்தம்.
பிடிக்கலாமென்று கை நீட்டினேன்.
எதை?
நாள் முழுக்கச் சொட்டு எண்ணுகிறவள்
எண்ணாமல் நின்றேன்.
பிறகு போய்ப் படுத்துவிட்டேன்.

விடியலில், ப்ராஸ்பெக்டனில் இரவு ஷிஃப்ட் முடித்து
குபேந்திரன் வந்தான், பாதித் தூக்கத்தில்.
தெருவில் நிறுத்தச் சொன்னதை மறந்து
காரை நேரே உள்ளே விட்டு,
கதவைக் கண்டு பிரேக் போட்டு,
பின்னால் எடுத்தான்.

கதவில் ஒன்றுமில்லை. வழுக்கை.
தாள்கள் ஊறி விளிம்பில் தொங்கின.
தரையில் இருந்தது படம்:
சிமெண்டின் சரிவைப் பிடித்துக்கொண்டு
பச்சையும் மஞ்சளும் வாய்க்கால் வெட்டிப் போயிருந்தன.
அவை சந்தித்த இடத்தில்
எந்தக் கணக்குக்கும் வராத ஒரு சாம்பல்.
ஒரு வாடிக்கையாளர் கேட்டால்
என்னால் அதைத் திரும்பக் கலக்க முடியாது.
நடுவே இரண்டு டயர் தடங்கள்,
உள்ளே வந்து, தயங்கி, பின்வாங்கியவை.

"வசிகி, மன்னிச்சிரு. துடைச்சிடவா?"
அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன்.
கத்த நினைத்த வாய்
நோட்டைக் கேட்டது.

எண் பதினான்கு, என்று எழுதினேன்.
சிமெண்டின் மேல் திரும்பி வந்த பெயிண்ட்,
எண்ணெய், இருட்டு,
'இருட்டு' அடித்துவிட்டு 'மின்வெட்டு, இரண்டு மணி நேரம்',
டயர்.
அளவு: ஒரு கார்.
தூக்க முடியாது. விற்பனைக்கு இல்லை.

வேலைக்கு நடக்கையில் பார்த்தேன்.
எங்கள் வாசலிலிருந்து சரிவில் கீழே
தாரின் மேல் பச்சைப் பொட்டுகள்,
சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒன்று,
மெலிந்து மெலிந்து
நான்காம் வீட்டு மதிலோரம் தீர்ந்திருந்தன.
அங்கே நின்றது கார்,
பின்சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்து.